190 ரூபாய் மடிக்கணினியும் அமேசானின் ‘நேர்மை’யும்

2014 டிசம்பரில் ஒடிசாவைச் சேர்ந்த சட்டக்கல்லூரி மாணவர் ஒருவர், 23,499 ரூபாய் மதிப்புள்ள மடிக்கணினி அமேசான் தளத்தில் 190 ரூபாய்க்கு விற்கப்படுவதைக் கண்டு வாங்கப் பதிவு செய்தார். நிறுவனம் அதை உறுதியும் செய்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து, விலையில் சிக்கல் என்று கூறி ரத்து செய்தது. மாணவர் விடவில்லை. 2021 ஜனவரியில் ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம், இழப்பீடும் தண்டத்தொகையும் வழக்குச் செலவுமாக 45,000 ரூபாய் வழங்குமாறு அமேசானுக்கு உத்தரவிட்டது.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் அறம் போதிக்க ஒரு கூட்டம் புறப்பட்டுவிடுகிறது. பிழை என்று தெரிந்தே வாங்குவது, பிறர் தவறவிட்ட பணப்பையை எடுத்துக்கொள்வதற்கு ஒப்பாகாதா என்று அது கேட்கிறது. பணப்பையைத் தவறவிட்டவர் அதற்கு விலைச்சீட்டு ஒட்டி, ‘இன்று மட்டுமே, விரைந்து வாருங்கள்’ என்று கூவி அழைப்பதில்லை.

190 ரூபாய் என்றதுமே பிழை எனப் புரிந்திருக்க வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. தீபாவளி விற்பனையில் ஒரு ரூபாய்க்குக் கைபேசி என்று விளம்பரம் செய்தது சியோமி. எது சலுகை, எது பிழை என்று பிரித்தறிய முடியாதபடி நுகர்வோரின் மனத்தைப் பழக்கியவர்கள் நிறுவனங்களே. பொய்யான அவசரத்தை உண்டாக்குவது, கேளாத பொருளைக் கூடையில் நுழைப்பது, கட்டணத்தைக் கடைசி நொடியில் ஏற்றுவது ஆகியவற்றைத் தடுக்க 2023 நவம்பரில் அரசே தனி வழிகாட்டுதல்கள் வெளியிட நேர்ந்தது. அவசரத்தில் ஏமாந்த வாங்குபவருக்குக் கிடைக்காத மன்னிப்பு, அவசரத்தில் விலையைத் தவறாக இட்ட நிறுவனத்திற்கு மட்டும் எதற்காக? ஒரு தரப்பின் பிழை மட்டுமே ஒப்பந்தத்தை ரத்து செய்யப் போதாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே, தனது 22ஆம் பிரிவில், கூறுகிறது.

வழக்கில் அமேசான் முன்வைத்த வாதம் கவனிக்கத்தக்கது: தான் வெறும் சந்தை; விற்பவர் வேறு ஒருவர். ஆனால் அந்தச் சந்தையில் ஆண்டுக்கணக்கில் முதன்மை விற்பனையாளராக விளங்கிய கிளவுட்டெயிலின் தாய் நிறுவனத்தில் அமேசானுக்கே பங்கு இருந்தது. சில விற்பனையாளர்களுக்கு மட்டும் சலுகை காட்டுதல், அடிமாட்டு விலைத் தள்ளுபடி ஆகிய புகார்களின்பேரில் அமேசான், பிளிப்கார்ட் இரண்டின் மீதும் 2020 ஜனவரியில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. தெருமுனைக் கடைக்காரரை வீழ்த்துவதற்காக விரும்பி ஏற்கும் நட்டம் ‘வணிக உத்தி’யாம், கைதவறி வந்த நட்டத்தை மாணவர் பயன்படுத்தினால் ‘பேராசை’யாம்!

எனினும் இதை முதலாளிக்கு விழுந்த அடி என்று கொண்டாடுவோரும் ஒன்றை நோக்க வேண்டும். அதே 2014 டிசம்பரில், பிரிட்டனில் தானாக விலை நிர்ணயிக்கும் மென்பொருள் ஒன்று பழுதாகி, அமேசானில் கடை விரித்திருந்த சிறுவணிகர்களின் பொருட்கள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒரு பென்னிக்கு விற்றன. பெரும்பாலான விற்பனைகளை அமேசான் ரத்து செய்தது. ஆனால் கிடங்கிலிருந்து அதற்குள் புறப்பட்டுவிட்ட பொருட்களின் நட்டம் அந்தச் சிறுவணிகர்களின் தலையில் விழுந்தது. கிறிஸ்துமஸ் வணிகத்தை நம்பியிருந்த குடும்பங்கள் அவை. அங்கே நூறு பொருட்களை அள்ளிக்கொண்டு மறுவிற்பனைக்கு ஓடியவரை, தேவைக்கு ஒரு மடிக்கணினி கேட்ட மாணவருடன் ஒரே தட்டில் வைக்க இயலாது.

ஆகவே வாங்குபவரின் மனச்சாட்சியை மட்டும் குடைவது வீண். விலைப் பலகை தளத்தின் கையில் இருக்கிறது. கட்டணமும் தரகும் தளத்திற்கே சேருகின்றன. பிழையின் சுமை மட்டும் ஏன் வாங்குபவருக்கும் சிறுவணிகருக்கும்? விற்பனையாளரின் தவறால் நுகர்வோருக்கு இழப்பு நேர்ந்தால் தளமே பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியை 2021 ஜூனில் ஒன்றிய அரசு வரைவாக வெளியிட்டது. பெருநிறுவனங்கள் எதிர்த்தன. வரைவு ஆண்டுக்கணக்கில் வரைவாகவே கிடந்தது.