மயிலுக்கு ஏன் போர்வை?

வையாவிக் கோப்பெரும் பேகன் மயிலுக்குப் போர்வை அளித்த செய்தியை அறியாத தமிழ் மாணாக்கர் இலர். மழை வளம் மிக்க மலைச்சாரலில் மயில் அகவக் கேட்டவன், அது குளிரால் நடுங்குகின்றது என இரங்கித் தன் மேலாடையை அதற்கு ஈந்தான். பரணர் இதனைப் பாடுமிடத்து, மயில் அதனை உடுக்கவோ போர்க்கவோ மாட்டாது என்பதை அறிந்தே அவன் கொடுத்தான் என்பார். கொடைமடம் என்னும் அருஞ்சொல்லையும் அப்புலவர் அவன்பால் ஏற்றிக் கூறினார். வகுப்பில் இப்பகுதியை நடத்தும் ஆண்டுகளில் மாணாக்கர் எவரேனும் எழுந்து, "மயிலுக்குக் குளிருமா, ஐயா?" என்று வினவுவதுண்டு. நல்ல வினா. அதற்கு விடை மயிலின் இறகில் இருக்கின்றது. வெளியிறகு காற்றையும் நீரையும் தடுக்கும். அதன் கீழுள்ள மென்தூவியோ நுண்ணிய காற்றறைகளைத் தன்னுள் அடக்கி வைத்திருக்கும். அசையாது அடங்கிய காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது; ஆதலால் மயிலின் உடற்சூடு மயிலிடமே தங்குகின்றது. பேகனது ஆடை மழையில் நனைந்து அவ்விறகை அமுக்கியிருக்குமாயின், அருளால் ஈந்த போர்வையே பறவைக்குக் குளிரைத் தந்திருக்கும். இதனாற் பேகன் புகழ் குன்றுவதன்று. புலவர் போற்றியது அவன் நெஞ்சை. அவனது பௌதிக அறிவை அன்று.

யான் ஈண்டு எழுதப் புகுந்தது பேகனைப் பற்றியன்று. யாழ்ப்பாணத்து இல்லங்களில் இந்நாளில் நிலவும் அன்புமடத்தைப் பற்றி.

நம்மவர் குளிர்நாடுகளிற் குடியேறத் தொடங்கியது நேற்று இன்று அன்று. யாழ்ப்பாணத்தவரான அன்ரனி இராஜேந்திரம் நோர்வே நாட்டை அடைந்த ஆண்டு 1956. அவர் வழியே சிலரும், பின்னர் 1980களிலிருந்து போரின் நெருக்குதலாற் பலரும் அந்நாடு சென்றனர். அவருட் கணிசமானோர் நாட்டின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாகாணத்து மீன்பதனிடும் சாலைகளில் தொழில் செய்தனர். அம்மாகாணத்துக் கராசொக் என்னும் ஊரில் 1886ஆம் ஆண்டு தை முதலாம் தேதி அளக்கப்பட்ட குளிர், பூச்சியத்துக்குக் கீழ் 51.4 பாகை. நோர்வேயில் இதுகாறும் பதிவான கடுங்குளிர் அதுவே. மார்கழி விடியலில் வெப்பமானி இருபது பாகையை அண்டும்போதே தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு திருவெம்பாவைக்குப் போகும் நமக்கு அந்த எண் வெறும் எண்ணாகவே தோன்றும்.

அங்கே பிறந்து வளரும் நம் பேரப்பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. நோர்வேயிற் பனிச்சறுக்கு, நம் ஊரிற் சைக்கிள் ஓடுவது போன்றது. நடை பழகிய சிறிது காலத்திலேயே குழந்தையின் காலிற் சறுக்குக்கட்டையைப் பூட்டிவிடுகின்றனர். பள்ளிகள் மாரியிற் சறுக்கு நாள் என ஒன்றை ஒதுக்கி எல்லாப் பிள்ளைகளையும் வெளியே அழைத்துச் செல்கின்றன. ('ஸ்கி' என்னும் சொல்லே பிளந்த மரத்துண்டு என்னும் பொருளுடைய பழைய நோர்ஸ் மொழிச் சொல்லின் வழிவந்தது. ஆதலாற் கட்டை என்று நாம் வழங்குவது மொழிபெயர்ப்பாகவே அமைந்துவிட்டது.) இந்த நாளிலேதான் யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி மணி ஒலிக்கின்றது. "ராசா, பனிக்குள்ள இறங்காதை, தடிமன் பிடிச்சுப் போடும்" என்கின்றார் ஆச்சி. தாயார் அதனை வேதவாக்காகக் கொண்டு பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிவிடுகின்றார். தோழர் எல்லாரும் மலைச்சரிவில் ஆரவாரிக்க, நம் பிள்ளை யன்னலோரத்தில் இருந்து அவர்களைப் பார்க்கின்றது. அந்நாட்டில் மாரி ஆண்டின் பாதியை அளாவும் என்பதை நினைவிற் கொள்க. பாதி ஆண்டு யன்னலோரத்தில் இருந்த பிள்ளை மீதிப் பாதியில் மட்டும் அந்நாட்டுப் பிள்ளையாகிவிடுமா? அங்கு தமிழ் கற்பிக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவர் இதனைச் சொல்லி வருந்தியபோது, ஆச்சிமாரின் அன்பைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அந்த அன்பு கைக்கொண்டுள்ள குளிர்நூல் பிழையானது என்று கூறுவதில் தயக்கமும் இல்லை.

பிழை யாதெனில், துணி சூடு தரும் என்று நாம் எண்ணுவது. துணி சூடு தருவதில்லை. அடுப்பு உடம்பே, 37 பாகையில் ஓயாது எரியும் அடுப்பு. ஆடை அந்தச் சூட்டைப் போகவிடாது காக்கும் வேலி. எனவே ஆடை எவ்வளவு பாரமானது என்பது வினாவன்று. அஃது எவ்வளவு காற்றை அசையாமல் அடக்குகின்றது, எவ்வளவு உலர்ந்து நிற்கின்றது என்பனவே வினாக்கள். இதனை அறியாதோர் பிள்ளைக்குத் தடித்த பருத்திப் பனியன் இரண்டைப் போட்டு, அதன்மேல் ஒரு பெருங் கோட்டை மாட்டி அனுப்புகின்றனர். இங்கிருந்து போகும் பொதிகளிலும் வேர்க்கொம்பு, கொத்தமல்லியோடு பருத்தி உள்ளாடைகளே மிகுதி. நம் வெயிலுக்குப் பருத்தியைப் போல் நண்பன் இல்லை. வியர்வையை உறிஞ்சி, மெல்ல உலர்ந்து, உடலைக் குளிர்விக்கும். அந்தக் குணமே பனிநாட்டிற் பகையாகின்றது. சறுக்குக்கட்டையோடு மேடேறும் பிள்ளைக்குக் கடுங்குளிரிலும் வியர்க்கும். பருத்தி அவ்வியர்வையைக் குடித்து உடலோடு ஒட்டிக்கொள்ளும். நீர், காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும்வரை இத்தீங்கு தெரியாது. மூச்சு வாங்க ஓரிடத்தில் நின்ற சிறு பொழுதில் நடுக்கம் தொடங்கிவிடும்.

குளிரிற் பழகிய மக்கள் இதனாலேதான் ஒரு பேராடையை விட்டு மூன்று படைகளைக் கொண்டனர். உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளி. அதன்மேற் காற்றை அடக்கும் தடித்த கம்பளியோ தூவி நிறைத்த ஆடையோ. எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றும் நீரும் புகாத ஓர் உறை. கம்பளி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு ஈரத்தை ஏற்றும் நனைந்ததாகத் தோன்றாது; நனைந்தபோதும் ஓரளவு சூட்டைக் காக்கும். ஆட்டின் மயிருக்கு ஆடு கற்பித்த பாடம் அது. புறப்படும்போது சற்றே குளிர்வது போல் இருத்தல் வேண்டும் என்பர் அந்நாட்டார். நடக்கத் தொடங்கியதும் உடலடுப்பு மூண்டுவிடும். வியர்ப்பதற்கு முன்னரே ஒரு படையைக் களைந்து பையில் வைப்பதும், நின்றவுடன் உலர்ந்த தடித்த ஆடையை மேலே இடுவதும் அவர் வழக்கம். நம்மவர் செய்வது இதற்கு நேர்மாறு. வீட்டுக்குள்ளேயே பிள்ளையைப் பொதிபோலக் கட்டி, வாயில் தாண்டுமுன் வியர்க்க வைத்துவிடுகின்றோம்.

ஈரத்துக்கு அடுத்த பகை காற்று. நெடுநல்வாடையைப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். வாடையில் அகப்பட்ட கோவலர் கையிற் கொள்ளி இருந்தும் நடுங்குகின்றனர். நக்கீரர் மிகைபடக் கூறினார் என்று கொள்ளற்க. மழை அவர் சூடிய கண்ணியை நனைத்துவிட்டது. வாடையோ விடாது வீசுகின்றது. ஈரமும் காற்றும் கூடிய இடத்திற் கைத்தீ என்ன செய்யும்? ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட புலவர் கண்ட இதனையே இற்றை அறிஞர் எண்ணால் அளக்கின்றனர். பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகக் காற்று வீசுமாயின், திறந்த தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழ் 33 பாகைக்கு ஒப்பாகும் என்பது கனடிய, அமெரிக்க வானிலையாளர் 2001 முதல் வழங்கும் கணக்கு. பத்து முதல் முப்பது நிமிடத்தில் முகத்தோல் உறையக்கூடிய நிலை அது. சறுக்குவோன் காற்று வீசக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. சரிவில் இறங்கும் வேகத்தாலே தனக்கு வேண்டிய வாடையைத் தானே படைத்துக்கொள்வான்! மேடேறும்போது வியர்வை, இறங்கும்போது வாடை. இவ்விரண்டுக்கும் ஒரே கோட்டினால் விடை காண முயல்வது வீண்.

இக்கலையைக் கற்பதற்கு நாணவேண்டியதும் இல்லை. 1888இற் கிறீன்லாந்தைச் சறுக்குக்கட்டையிற் கடந்த நான்சென் குழுவினர் மான்தோற் பைகளிலே உறங்கினர். அவர் நாட்டவரான அமுண்ட்சென், 1903 முதல் 1906 வரை கனடாவின் வடகடலில் பயணம் செய்தபோது நெற்சிலிக் என்னும் இனுவிட் மக்களை அடுத்து வாழ்ந்து அவரிடம் உடுக்கக் கற்றார். தோலாடையை இறுக்கிக் கட்டாமல் தளர்த்தி அணிந்தால் உள்ளே காற்று உலாவி வியர்வை ஆறும் என்பது அவர் அங்கே பெற்ற பாடங்களுள் ஒன்று. 1911 மார்கழி 14ஆம் தேதி தென்முனையை முதலில் மிதித்தவர் அவரே. அவருக்குப் பின் 1912 தை 17இல் அங்கே சேர்ந்த ஸ்கொட் குழுவினர் ஐவரும் மீளும் வழியில் மாண்டனர். அவர் அழிவுக்கு உணவு, தூரம், காலநிலை எனக் காரணம் பல. ஆடை ஒன்றையே குற்றவாளியாக்குதல் நேர்மையன்று. ஆயினும் ஒரு நாட்டின் குளிரை அந்நாட்டு மக்களிடமே கற்கவேண்டும் என்பதை நான்கு எழுத்துப் படித்த எவரும் அமுண்ட்சென் வரலாற்றிலிருந்து அறிவர். நம் பேரப்பிள்ளையின் பள்ளி ஆசிரியை உள்ளாடை கம்பளியாக இருக்கட்டும் என்று எழுதி அனுப்பினால், அதனை யாழ்ப்பாணத்து ஆச்சியிடம் மேன்முறையீடு செய்ய வேண்டியதில்லை.

கை கால்களைப் பற்றிச் சிறிது. விரல்களைத் தனித்தனி பிரிக்கும் உறையினும் நான்கு விரலும் ஒன்றாய்க் கிடக்கும் உறையே சூடானது; ஒட்டிக் கிடக்கும் விரல்கள் ஒன்றுக்கொன்று துணை. தடித்த காலுறை இரண்டை இட்டுச் சப்பாத்தை இறுக்கினால் குருதியோட்டம் தடைப்பட்டுக் கால் முன்னிலும் குளிரும். மது உடலைச் சூடாக்கும் என்பது பொய். தோலின் நாளங்களை விரித்து உள்ளிருக்கும் சூட்டை வெளியே வாரிவிடுவது அது. விறைத்து வெளுத்த விரலைப் பனியால் தேய்க்கும் பழைய வழக்கமும் தசையைக் கெடுக்கும். மீண்டும் உறையாத இடத்தை அடைந்தபின், 37 முதல் 39 பாகையளவான நீரில் அமிழ்த்துவதே மருத்துவர் கூறும் முறை.

"அப்படியானால் குளிரில் ஆபத்தே இல்லையோ?" என்று கேட்பார் உளர். உண்டு. உள்ளுடற் சூடு 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே இடர். உலகப் பனிச்சறுக்குச் சம்மேளனமும், தடத்தின் மிகக் குளிர்ந்த பகுதியிற் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையையும் தாண்டினால் நெடுந்தொலைச் சறுக்குப் போட்டியை நடத்துவதில்லை. மலைவழிப் பயணத்துக்கென நோர்வேயர் வகுத்த விதிகளுள், காலத்தே திரும்பிவிடு, திரும்புவதில் இழுக்கில்லை என்னும் பொருள்பட ஒன்று உண்டு. வீரத்தைப் பெரிதும் பேசிய நம் மரபுக்கு இவ்விதி சற்றுப் புதிது. யான் வேண்டுவது அச்சத்தை முற்றாக ஒழிப்பதன்று. அஞ்சவேண்டியதை அறிந்து அஞ்சுவதை. ஆச்சி பனிக்கு அஞ்சுகின்றார். அஞ்சவேண்டியவை ஈரமும் காற்றும்.

இவ்வச்சத்துக்கு நம் மொழியும் ஓரளவு காரணம் என்பது என் கருத்து. பனி என்னும் ஒரு சொல்லையே புல்நுனித் துளிக்கும், மலையை மூடும் வெண்படலுக்கும், உறைந்த ஏரிக்கும் வழங்குகின்றோம். பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள். எனவே அச்சொல்லைக் கேட்ட அளவில் நம் நெஞ்சில் நடுக்கமும் தடிமனும் ஒருங்கே எழுகின்றன. பூச்சியத்துக்குக் கீழ் பதினைந்து பாகையில் விழுவது பொடியாய் இருக்கும், தட்டினால் உதிரும், ஆடையை நனைக்காது. பூச்சியத்தை அண்டிய பொழுதில் விழுவதோ பட்டவுடன் உருகி ஆடையில் ஊறும். வெப்பமானியின்படி இரண்டாவது இளங்குளிர். உடம்பின்படி பல வேளைகளில் அதுவே கொடிது. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லும் சொல் தமிழிற் பரவாதவரை, "அங்கை பனி கொட்டுதோ?" என்னும் ஆச்சியின் கேள்விக்குப் பிள்ளை என்ன மறுமொழி கூறும்? வெண்பனி, உறைபனி, பனிக்கட்டி என்பன நூல்களில் வந்துவிட்டன. ஈரப்பனி என்பதும் எளிதிற் புரியும். பொடியாய் விழுவதற்கே பெயர் இல்லாதிருந்தது. மேற்கூறிய என் மாணாக்கரது வகுப்பிற் பயிலும் ஒரு சிறுமி, பனிச்சறுக்குப் பற்றிய கட்டுரையில் அதனை 'மாப்பனி' என்று எழுதியிருந்தாளாம். அரித்த அரிசிமாப் போல் இருந்ததென்று காரணமும் சொன்னாளாம். சொல் உவமைத்தொகை, புணர்ச்சியும் வழுவின்றி அமைந்தது. அகராதி தொகுப்போர் குறித்துக்கொள்வாராக.