கேடிபியை விட ஒன்றரை மடங்காம்!

தமிழ்நாட்டுல நிறைய கல்லூரி இயற்பியல் துறைகள்ல, ஏதாவது ஒரு பீக்கர்ல அமினோ அமிலமும் உப்பும் கலந்த கரைசல் மெதுவா ஆவியாகிட்டே இருக்கும். அதுல விளையுற படிகத்தோட தலையெழுத்து முன்னாடியே எழுதினது. எக்ஸ்ரே, எஃப்டிஐஆர், யூவி, கடினத்தன்மை, கடைசியா லேசர் சோதனை. முடிவுரையும் ரெடி: "கேடிபியை விட ஒன்றரை மடங்கு திறன், எனவே ஒளியியல் சாதனங்களுக்கு ஏற்றது."

சாதனம் எங்க சாமி?

புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு வரி. சில படிகங்களுக்குள்ள லேசரை அனுப்பினா பாதி அலைநீளத்துல புது ஒளி வரும். 1961ல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல பீட்டர் ஃபிராங்கென் குழு 694 நானோமீட்டர் ரூபி லேசரை குவார்ட்ஸுக்குள்ள விட்டு 347 எடுத்துக் காட்டினாங்க. வழக்கமான பச்சை லேசர் பாயிண்டர்லயும் இதே கதைதான்: கண்ணுக்குத் தெரியாத 1064, பொட்டாசியம் டைட்டனைல் பாஸ்பேட் படிகம் வழியா 532 பச்சையா மாறுது.

நம்மாளுங்க என்ன செய்றாங்க? படிகத்தைப் பொடிச்சு, அது மேல 1064 லேசரை அடிச்சு, எவ்வளவு பச்சை வருதுன்னு அளந்து, கேடிபி பொடியோட ஒப்பிடறாங்க. குர்ட்ஸும் பெர்ரியும் 1968ல சொன்ன முறை. அது முதல் வடிகட்டல் மட்டும்தான். பொடியோட துகள் அளவு மாறினா எண்ணும் மாறும். இதை வச்சு சாதனத்துக்கு ஏற்றதுன்னு சொல்றது, கம்பைல் ஆயிடுச்சு, அதனால புரொடக்‌ஷன்ல போட்டுடலாம்னு சொல்ற மாதிரி. பொட்டி தட்டுற எங்க ஆபீஸ்ல அப்படிச் சொன்னா டீம் லீட் ஓட ஓட விரட்டுவார்.

நிஜமான கேள்விகள் வேற. உள்ள போற ஒளியும் பிறக்குற ஒளியும் படிகம் முழுக்க கால் ஒத்து நடக்குமா? எவ்வளவு லேசர் அடி தாங்கும்? ஈரக்காத்துல கரையுமா? ஃபெம்டோ செகண்ட் துடிப்புன்னா இன்னும் சிக்கல். ரெண்டு நிறமும் வேற வேற வேகத்துல ஓடுறதால துடிப்பு நீண்டுடும், அதனால படிகத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழ சீவணும். பொடி இதுக்கெல்லாம் பதில் சொல்லுமா?

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. 2010ல ஃப்ளெக், பெட்ரோஸ்யான்னு ரெண்டு பேர் அமினோ அமிலப் படிகக் கட்டுரைகளை அலசினாங்க. புதுசுன்னு அறிவிச்ச பலது புதுசே இல்ல, பீக்கர்ல போட்ட மூலப்பொருளே திரும்ப விளைஞ்சிருக்கு! உதாரணத்துக்கு கிளைசின். உப்புக் கரைசல்ல அது காமா வடிவத்துல விளையும், காமா கிளைசின் தானாவே பச்சை தரும். உப்பு பேரையும் சேர்த்து ஒட்டினா 'புதிய படிகம்' தயார்.

சீனாவுல 1980கள்ல சென் சுவாங்தியான் குழு பிபிஓ, எல்பிஓ ரெண்டையும் கொண்டு வந்தாங்க. எந்த அணுக்கூட்டம் இந்தக் குணத்தைத் தருதுன்னு முதல்ல யோசிச்சுத் தேடினாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க லேசர் லேப்கள்ல அந்தப் படிகங்கள் இருக்கு. இவங்க மட்டம் தட்டுற பழைய கேடிபி? அமெரிக்காவோட என்ஐஎஃப்ல 192 லேசர் கற்றைகளோட நிறத்தை மாத்துறது அந்தக் குடும்பம்தான். பெருசா, குறையில்லாம வளர்க்க முடியுது. அவ்ளோதான் ரகசியம்.

"பசங்களுக்குப் பயிற்சிதானே"ன்னு கேப்பீங்க. பயிற்சின்னா பயிற்சின்னு சொல்லுங்க, கண்டுபிடிப்புன்னு ஏன் அச்சடிக்கணும்? நம்மாளுங்களுக்குத் திறமை இல்லாமலும் இல்ல. ஒரே திசையில படிகம் வளர்க்குற சங்கரநாராயணன்–ராமசாமி முறை 2005ல இங்கேருந்துதான் வந்துச்சு. பிஎச்டிக்குக் கட்டுரை கட்டாயம் இல்லைன்னு யூஜிசியே 2022ல விதியை மாத்தியாச்சு. ஆனா தரவரிசைக்குக் கட்டுரை எண்ணுற பழக்கம் விடல.

நாலஞ்சு வருஷம் பீக்கரையே பாத்துட்டு உக்காந்த பையன் வெளிய வர்றப்போ, ஒரு லேசரைக்கூட சொந்தமா நேர் பண்ணிப் பாத்திருக்க மாட்டான். நஷ்டம் அவனுக்குத்தான், கைடுக்கு இல்ல. அடுத்த வைவால யாராவது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "தம்பி, பொடிக்காத படிகத்துல எத்தனை சதவீதம் பச்சை வந்துச்சு?"