இடுப்பு வலிக்குப் படுக்கை மருந்தல்ல

‘இடுப்பு வலியா? மூன்று வாரம் அசையாமல் படு, பெல்ட் போடு, உடனே எம்ஆர்ஐ எடு’ என்று அடித்துப் பேசுகிறார்கள். அக்கறை புரிகிறது, ஆதாரம் எங்கே?

1986இலேயே அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் டேயோ குழுவினர் 2 நாள் ஓய்வையும் 7 நாள் ஓய்வையும் ஒப்பிட்டனர். கூடுதலாகப் படுத்தவர்களுக்கு எந்த ஆதாயமும் இல்லை. வேலை நாள்களை இழந்ததுதான் மிச்சம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமாக பெல்ட் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லிவிட்டது. ஸ்கேனில் ‘டிஸ்க் தேய்மானம்’ என்று வந்தால் பதறுகிறோம். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் அது தெரியும்.

வலிக்கும்போது ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள். வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் நடங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் வலி நன்றாகத் தணிந்துவிடும்.

சிறுநீர் அடைபட்டாலோ, தொடையிடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ தாமதிக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றவர்களைப் படுக்கையில் கட்டிப்போடாதீர்கள், நடக்க விடுங்கள்.