இமயமலைப் பட்டியலைத் தூக்கிக் குப்பையில போடுங்க!

மழை சீசன் ஆரம்பிச்சா போதும், நம்ம பயலுக எல்லாருக்கும் காட்டு ஆசை வந்துரும். வால்பாறை, மேகமலை, மாஞ்சோலைன்னு ஒரே பேச்சு. போகட்டும், நல்ல விஷயம்தான். கீழக்குயில்குடியில உட்கார்ந்துக்கிட்டு வருஷம் முழுக்க காய்ஞ்ச பாறையையே பார்க்குற நமக்கு, பச்சையைப் பார்த்தா கிறுக்குப் பிடிக்கத்தான் செய்யும். என் கோபம் காட்டுக்குப் போறது மேல இல்லை. போறதுக்கு முன்னாடி நடக்குற ஷாப்பிங் மேலதான்.

யாரோ ஒருத்தர் இமயமலைக்குப் போறவங்களுக்காக எழுதின சாமான் பட்டியல் ஒண்ணு இருக்கு. கணுக்காலை மூடுற கனமான வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ், தடிமனான ஜாக்கெட், அம்பது லிட்டர் பை, அதுக்கு மேல மாட்ட ஒரு மழை உறை. அதையே நம்ம மழைக்காட்டுக்கும் அப்படியே காப்பி அடிக்கிறாங்க. பனியும் குளிரும் இருக்கிற ஊருக்கு எழுதினதை, வேர்வையும் அட்டையும் இருக்கிற ஊருக்கு எடுத்துட்டுப் போனா என்ன ஆகும்? கால் புண்ணாகும். அவ்வளவுதான்.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருத்தன் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கிட்டு வந்து காட்டினான்.

"அண்ணே, இதுல தண்ணி உள்ளயே போகாதுண்ணே."

"சரிடா, ஓடை முழங்கால் வரைக்கும் வந்தா?"

"..."

"மேல வழியா உள்ள போன தண்ணி எப்படிடா வெளிய வரும்?"

தம்பி பதிலே சொல்லலை. சமணர் மலையில நாலு தடவை ஏறி இறங்கி 'டெஸ்ட்' பண்ணிட்டானாம். சமணர் மலை காய்ஞ்ச கருங்கல் பாறை. அங்க எந்த ரப்பர் அடியும் பிடிக்கும். 9, 10ஆம் நூற்றாண்டுகள்ல சமணத் துறவிகள் வெறுங்காலோடயே ஏறின மலைங்க அது! பாசி பிடிச்ச மரவேரும், வழுக்குற களிமண்ணும், இலைச் சகதியும் சேர்ந்த பாதைக்கு அங்க என்ன ஒத்திகை பார்க்க முடியும்?

வாட்டர்ப்ரூஃப் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடுறேன். இந்த ஷூக்கள்ல இருக்கிற சவ்வு 1969ல பாப் கோர்ங்கிறவர் கண்டுபிடிச்சதோட வம்சம். தண்ணித் துளி உள்ள வராது, வேர்வை ஆவி வெளிய போகும். ஆனா ஆவி வெளிய போகணும்னா வெளிக்காத்து உள்ளே இருக்கிறதை விடக் காய்ஞ்சு இருக்கணும். மழைக்காட்டுல வெளியவே காத்து ஈரத்துல ஊறிக் கிடக்கு. ஆவி எங்க போகும்? மழை பெய்யாட்டியும் உங்க வேர்வையிலேயே கால் ஊறும். ஓடையில ஒரு தடவை இறங்கிட்டீங்கன்னா ஷூ ரெண்டும் ரெண்டு சொம்பு மாதிரி. நாள் பூரா சுமக்க வேண்டியதுதான். ஊறின தோல் வெளுத்து, சுருங்கி, அப்புறம் உரியும்.

மழைக்காட்டுல கால் நனையும். அதைத் தடுக்க முடியாது. உள்ளே வந்த தண்ணி உடனே வெளிய போகணும், ராத்திரி கால் காயணும். இந்த ரெண்டும்தான் கேள்வி. வியட்நாம் போர்ல அமெரிக்க ராணுவம் கொடுத்த ஜங்கிள் பூட்ஸைப் பாருங்க. மேல்பக்கம் லேசான துணி, பாதத்தோட உள்வளைவுல தண்ணி வெளியேற ரெண்டு துளை. தண்ணி வரத்தான் செய்யும்னு ஒத்துக்கிட்டு செஞ்ச ஷூ அது. மலேசியாவுல ரப்பர் தோட்டத்து ஆட்களும் காட்டு வழிகாட்டிகளும் போடுற ஷூ இன்னும் எளிமை. ஒரே வார்ப்பா ரப்பர், அடியில குமிழ் குமிழா பிடி. அந்த பிராண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னாலும் 'அடிடாஸ் கம்போங்'ன்னு கிண்டலா பேர் வச்சிருக்காங்க. கழட்டிக் கவுத்தா தண்ணி போச்சு. நம்ம ஊருல அந்த இடத்துக்கு வர்றது கான்வாஸ் ஹண்டர் ஷூ. ஆயிரம் ரூபாய்க்குள்ள முடிஞ்சிரும்.

உடனே இன்னொரு கோஷ்டி கிளம்பும். "அதெல்லாம் எதுக்கு? மலையில இருக்கிறவங்க செருப்போடதானே நடக்குறாங்க?" இந்த வீரப் பேச்சும் எனக்குப் பிடிக்காது. அவங்க பிறந்ததுல இருந்து நடக்குற பாதை அது. எந்த வேர் வழுக்கும்னு அவங்க காலுக்கே தெரியும். உங்க காலுக்குத் தெரியாது. யானை வந்தா செருப்போட ஓடிப் பாருங்க. இலைச் சருகுக்குள்ள குழிவிரியன் படுத்திருந்தா மூடின ஷூதான் துணை. கம்பூட்ஸ் எஸ்டேட் வேலைக்குச் சரி. நாள் முழுக்க ஏறி இறங்க அதுவும் ஒத்து வராது.

அடுத்து அட்டை. இதுக்கும் கடையில ஆயிரக்கணக்குல ஏதேதோ விக்கிறாங்க. அட்டை நம்ம நடையோட அதிர்வையும், மூச்சுக்காத்தையும், உடம்புச் சூட்டையும் வச்சு வருது. உப்பு தடவினா முதல் மழையிலேயே கரைஞ்சு போயிரும். நெருக்கமா நெய்த காடாத் துணியில முட்டி வரைக்கும் ஒரு உறை தைச்சு, சாக்ஸுக்கு மேல மாட்டி, ஷூவுக்குள்ள விட்டு, முட்டிக்குக் கீழ நாடாவால கட்டினா போதும். புதுமண்டபத்துல இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறின நம்ம தையல்காரர்கள் யார்கிட்ட சொன்னாலும் தைச்சுத் தருவாங்க. கடிச்சிருச்சுன்னா தீக்குச்சி வைக்கிறது, உப்பு கொட்டுறது வேண்டாம். அது வயித்துல இருக்கிறதைக் காயத்துக்குள்ளயே கக்கிரும். மெலிசா இருக்கிற வாய்ப்பக்கம் நகத்தை விட்டு நெம்பி எடுங்க. ரத்தம் உறையாம இருக்க அது ஒரு சரக்கை விடுறதால மணிக்கணக்கா கசியும். பதறாதீங்க.

பைக்கு வருவோம். மேல மாட்டுற மழை உறையை நம்பாதீங்க. முதுகுப் பக்கம் திறந்துதான் இருக்கு, தண்ணி அது வழியா இறங்கும். தடிமனான பாலிதீன் பை ஒண்ணைப் பைக்கு உள்ளே விரிச்சு, துணியை அதுக்குள்ள வச்சு வாயை முறுக்கிக் கட்டுங்க. திரும்பி வரும்போது அதையும் மறக்காம கொண்டு வந்துருங்க.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும், தொடை இடுக்கை அறுத்துரும். சீக்கிரம் காயுற லேசான பேன்ட், முழுக்கை சட்டை. தங்குற பயணம்னா ஒரு செட் உடுப்பு ராத்திரிக்கு மட்டும். காலையில என்ன குளிர் அடிச்சாலும் நேத்து நனைஞ்சதையே திரும்பப் போடணும். காய்ஞ்சதைத் தொடக்கூடாது. இது கஷ்டம்தான், ஆனா இதைவிட முக்கியமான விதி இல்லை. ராத்திரிக்கு ஒரு கைலியும் துண்டும் போதும். காலைத் துடைச்சு, காய விட்டு, பவுடர் போட்டுப் படுங்க. ஓ.ஆர்.எஸ். பாக்கெட், டார்ச், கடலைமிட்டாய் மறக்காதீங்க.

தரையில உட்காரும்போது ஏதாவது விரிச்சுக்கங்க. ஸ்க்ரப் டைஃபஸ் பரப்புற சின்னப் பூச்சிகள் புல்லு, புதர்லதான் இருக்கும். ஊருக்கு வந்து ஒண்ணு ரெண்டு வாரத்துல காய்ச்சல் வந்தா, காட்டுக்குப் போனதை டாக்டர்கிட்ட முதல் வார்த்தையா சொல்லுங்க. அதுக்குன்னு மருந்து இருக்கு. சொல்லாம விட்டாத்தான் ஆபத்து.

கிளம்புறதுக்கு முன்னாடி ஷூ அடியைத் தேய்ச்சுக் கழுவுங்க. நம்ம ஊரு பார்த்தீனிய விதையை மழைக்காட்டுல கொண்டு போய் விதைக்கிற புண்ணியம் நமக்கு வேண்டாம்.

ஷூ என்ன ஷூ, அனுமதி இருக்கான்னு முதல்ல பாருங்க. 2018 மார்ச் 11ல குரங்கணி காட்டுத்தீயில இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் நடைபயணத்துக்குன்னு தனி விதிமுறையே வந்துச்சு. அது காய்ஞ்ச புல்மலை. மார்ச் மாசப் புல்மலைக்கு ஒரு தயாரிப்பு, ஜூலை மாச மழைக்காட்டுக்கு வேற தயாரிப்பு. எல்லாத்துக்கும் ஒரே பட்டியல்னு சொல்றவன் எதையோ விக்கிறான்னு அர்த்தம்.

கடைசியா ஒண்ணு. நமக்கு முன்னாடி நடந்து வழி காட்டுறாரே, காடரோ முதுவரோ பளியரோ காணியோ, அவர் காலைக் கொஞ்சம் பாருங்க. பல தடவை பிஞ்ச ஷூ, இல்லைன்னா வெறும் ரப்பர் செருப்பு. அவர் செருப்போட நடக்குறதை நாம வீரம்னு போட்டோ எடுக்குறோம். அவருக்கும் அட்டை கடிக்கும், அவருக்கும் கால் ஊறும். ஒன்பதாயிரம் கையில இருந்தா, ஆயிரத்துக்கு உங்களுக்கு ஒண்ணு வாங்குங்க. அவர்கிட்ட அளவு கேட்டு அவருக்கும் ஒரு ஜோடி வாங்குங்க. மிச்சம் ஏழாயிரத்துல இன்னும் ரெண்டு தடவை காட்டுக்குப் போய்ட்டு வரலாம் :-)