வீடும் வாசலும்: எங்கள் வேப்ப மரமும் பக்கத்து வீட்டுக் கூரையும்

சென்ற இதழில் மழைக்காலத்தில் பருப்பில் வண்டு விழாமல் காப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் பெரிய சமாசாரம். வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்தைக் கிரேன் வைத்து இறக்குவது எப்படி என்று எழுதப் போகிறேன். "இதெல்லாம் ஆம்பளைங்க பார்க்க வேண்டிய வேலை, நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆள் பேசுவது, காசு கொடுப்பது, வந்தவர்களுக்குக் காப்பி போடுவது எல்லாம் நாம்தானே? அவர் ஆபீசுக்குப் போன பிறகு வேலையாட்கள் பக்கத்தில் நிற்பதும் நாம்தான். ஏதாவது ஆனால் முதலில் பதறுவதும் நாம்தான்.

2024 டிசம்பர் 1-ம் தேதியை எங்கள் திருவண்ணாமலைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் முதல் நாள் ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. அதோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த மழை அப்படியே உள்ளே வந்து எங்கள் தலையில் கொட்டியது. அன்று சாயங்காலம் வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடிவிட்டது. ஏழு உயிர் போயிற்று, அதில் ஐந்து குழந்தைகள். இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

எங்கள் வீடு அந்தப் பக்கம் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் கொல்லைக் கதவைத் திறந்தால், என் மாமனார் வைத்த வேப்ப மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது! நாற்பது வயசு மரம். அடி மரத்தின் சுற்றளவு ஆறு அடி. சாய்ந்திருக்கும் திசையில் பக்கத்து வீட்டு அக்காவின் சிமெண்ட் ஷீட் கூரை. அந்தக் கூரைக்குக் கீழே பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த அவர் மகள் படுத்திருந்தாள்.

மழையின் மேல் மட்டும் பழி போட்டால் பொய்யாகிவிடும். தப்பு எங்கள் மேல்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கழிவுநீர்த் தொட்டி கட்டும்போது, இடம் மிச்சம் என்று மரத்துக்கு மூன்றடி தள்ளியே பள்ளம் தோண்டினோம். கை மொத்த வேர்களை எல்லாம் மேஸ்திரி கோடாலியால் வெட்டினார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்தப் பக்கம் பிடிப்பு இல்லாமல் போய், மண் ஊறியதும் மரம் எதிர்ப் பக்கம் சாய்ந்துவிட்டது. மரத்தின் உச்சி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதோ அதற்கும் அப்பால் வேர் ஓடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் அத்தைக்கு மரத்தை வெட்ட மனசே இல்லை. "அம்மை போட்டப்ப இந்த இலையிலதானே புள்ளைங்களைப் படுக்க வெச்சோம்" என்று அழுதார்கள். எனக்கு மட்டும் மனசு இருந்ததா என்ன? மகிழ மரத்தைத் தல விருட்சமாக வைத்துக் கும்பிடுகிற ஊர் இது. கயிறு போட்டு நிமிர்த்திக் கட்டலாமா என்றுகூடப் பார்த்தோம். சின்னக் கன்றாக இருந்தால் நிமிர்த்தலாம். இந்த வயசு மரம், அடியில் மண் பிளந்து, சாய்ந்ததற்கு எதிர்ப் பக்கம் தரை மேலே தூக்கிக்கொண்டு நின்றால், அது விழப் போகிற மரம்தான். அடியில் காளான் முளைத்திருந்தாலும், தட்டினால் பொள்ளல் சத்தம் வந்தாலும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இனி நான் செய்த இரண்டாவது தப்பைச் சொல்கிறேன். டிசம்பர் 13-ம் தேதி கார்த்திகை தீபம். அந்தச் சமயத்தில் எங்கள் ஊரில் எந்த வேலைக்கும் ஆள் கிடைக்காது. தீபம் முடிந்ததும் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்ட இரண்டு பேரைக் கூப்பிட்டோம். கிரேன் வேண்டாம், கயிறு கட்டியே இறக்கிவிடுகிறோம் என்றார்கள். இருபது வயசுகூட நிரம்பாத ஒரு பையன் இடுப்பில் கயிறுகூட இல்லாமல் விறுவிறுவென்று ஏறினான். முதல் கிளையை வெட்டி முடிப்பதற்குள் மரத்தடியில் 'மளுக்'கென்று ஒரு சத்தம். மண் இன்னும் நாலு விரற்கடை பிளந்தது. கிளை கயிற்றிலிருந்து நழுவி அக்கா வீட்டு ஷீட்டில் ஒரு மூலையை உடைத்தது. பையன் எப்படி இறங்கினான் என்று தெரியவில்லை. கை கால் எல்லாம் நடுங்க, தண்ணீர் கேட்டான். டம்ளரை அவனால் பிடிக்க முடியவில்லை.

நல்ல வேளை, அந்த நேரம் அக்கா மகள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையனுக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்? கூலி குறைவாகக் கேட்டான் என்று சொல்வேனா? கூப்பிட்டது நான்தானே!

மறுநாளே அக்காவின் மகளையும் குடும்பத்தையும் எங்கள் முன் அறையில் படுக்க வைத்தோம். பிறகு, மரம் வெட்டுவதில் அனுபவமுள்ள ஒரு பெரியவரை அழைத்து வந்தார் என் வீட்டுக்காரர். அவர் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல யாரும் ஏறக்கூடாதும்மா. கிரேன் பிடிச்சுக்கிட்டு இருக்கும்போதுதான் அறுக்கணும்" என்றார்.

கிரேன் என்றால் எனக்குத் தெரிந்தது ஹைட்ராதான். எங்கள் ஊர் ரோட்டில் மஞ்சள் வண்டியாக முன்னால் கையை நீட்டிக்கொண்டு போகுமே, அதுதான். ஒருத்தர் வந்து, "12 டன் வண்டிம்மா, உங்க மரம் ரெண்டு டன் இருக்குமா? அசால்ட்டா தூக்கிடும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெரியவர்தான் கேட்டார்: "தெருவுல நின்னு கையை எவ்வளவு தூரம் நீட்டணும் தெரியுமா?"

சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இந்தக் கேள்வியை மறக்காதீர்கள். ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு நடக்கிறோம். அதே குடத்தைக் கையை நீட்டித் தூக்கிப் பிடியுங்கள் பார்ப்போம், ஒரு நிமிஷம் தாங்குமா? கிரேனுக்கும் அப்படித்தான். 12 டன் என்று எழுதியிருப்பது வண்டியை ஒட்டினாற்போலத் தூக்கும் கனம். கையை நீட்ட நீட்ட அது மளமளவென்று குறைந்துகொண்டே போகும். எத்தனை தூரத்தில் எத்தனை கனம் என்று ஒவ்வொரு கிரேனுக்கும் ஒரு அட்டவணை உண்டு; டிரைவரிடம் கேட்டால் காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் தெருவிலிருந்து மரத்துக்கு 35 அடி. ஹைட்ராவின் கை தனியாகச் சுழலாது, வண்டியோடுதான் திரும்பும். கனத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வண்டி நகர வேண்டியிருக்கும். குறுகலான தெருவில் அது ஆகிற காரியமா? அதனால் நாலு பக்கமும் ஜாக்கி ஊன்றி, நின்ற இடத்திலேயே கையைச் சுழற்றும் பெரிய கிரேனைப் பேசினோம்.

கனத்தை எப்படிக் கணக்குப் போடுவது? மரக்கடையில் போடும் கணக்கு எளிது. சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். எங்கள் அடி மரம் 6 அடி சுற்றளவு, 10 அடி நீளம். ஒன்றரை, ஒன்றரை, பத்து பெருக்கினால் 22½ கன அடி. இது கடைக் கணக்கு. உருண்டை மரத்தின் உண்மை அளவு இதைவிடக் கால் பங்குக்கு மேல் கூட, அதாவது 28½ கன அடி. பச்சை மரம் கன அடிக்கு ஏறக்குறைய 28 கிலோ. ஆக 800 கிலோ! மேலே இருக்கும் கிளை, தழை எல்லாம் தனி. மழையில் நனைந்திருந்தால் இன்னும் கூடும். கொக்கி, பெல்ட் இவற்றின் கனமும் சேரும். அதனால் கணக்கில் வந்ததோடு பாதியைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்றார் பெரியவர்.

ஜனவரி 13-ம் தேதி பௌர்ணமி, மறுநாள் பொங்கல். கிரிவலக் கூட்டத்தில் பெரிய வண்டி ஊருக்குள் வருவது நடக்காத காரியம். எனவே பொங்கல் கழித்து ஒரு நாள் குறித்தோம். அக்கா வீட்டுக்குப் போகும் மின்கம்பி மரத்தை உரசிக்கொண்டிருந்தது. மின்வாரியத்தில் சொல்லி, அவர்கள் ஆள் வந்து இணைப்பைத் துண்டித்த பிறகே வேலை. ஃபியூசைப் பிடுங்கிவிட்டோம், போதும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஈர மரத்திலும் கிரேனின் இரும்புக் கையிலும் மின்சாரம் பாயும். தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்தும் மின்னகத்துக்கு 94987 94987 என்ற நம்பரில் சொல்லலாம்.

அன்று காலை அத்தை மரத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு வேலை நடந்ததைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் ஜாக்கி ஊன்றும் இடத்தைப் பார்த்தார்கள். சாக்கடை மூடி, சம்ப், கழிவுநீர்த் தொட்டி இவற்றின் மேல் ஊன்றினால் உள்ளே இறங்கிவிடும். கெட்டித் தரையாகப் பார்த்து, ஒவ்வொரு ஜாக்கிக்கும் அடியில் தடித்த பலகைகளை அடுக்கினார்கள். தெருவின் இரு முனையிலும் கயிறு கட்டிப் பிள்ளைகளை விலக்கினோம்.

எங்கள் மொட்டை மாடி மரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது வசதியாகப் போயிற்று. நீளக் கம்பில் கட்டிய ரம்பத்தால் எட்டின சின்னக் கிளைகளை மாடியிலிருந்தே கழித்தார்கள். பிறகு கல் கட்டிய மெல்லிய கயிற்றைக் கவைக்கு மேலே வீசி, அதைக் கொண்டே பெல்ட்டை ஏற்றிச் சுருக்குப் போட்டு இறுக்கினார்கள். யாரும் மரத்தில் கால் வைக்கவில்லை. பெல்ட் கனத்தின் நடுவுக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் துண்டு தலைகீழாகப் புரளும்.

அடுத்ததுதான் முக்கியம். கிரேன் மரத்தைப் பிடுங்கக் கூடாது, பக்கவாட்டில் இழுக்கவும் கூடாது. கொக்கி நேர் மேலே நின்று, பெல்ட்டின் தொய்வை எடுத்து, துண்டின் கனத்தைத் தாங்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். அதிகம் இழுத்தால் அறுபட்டதும் துண்டு துள்ளும். குறைவாக இருந்தால் விழுந்து குலுக்கும். மாடியில் நின்றவர் மெஷின் ரம்பத்தால் அறுத்து முடித்து, சுவர்ப் பக்கமாக ஒதுங்கினார். அதற்குப் பிறகுதான் பெரியவர் கையைக் காட்ட, கிரேன் தூக்கியது. சைகை காட்டுவது அவர் ஒருவர்தான். ஆளுக்கு ஒரு பக்கம் 'தூக்கு, நிறுத்து' என்று கத்தினால் டிரைவர் யார் பேச்சைக் கேட்பார்? துண்டு சுழலாமல் இருக்க ஒரு கயிற்றைக் கட்டித் தரையிலிருந்து தள்ளி நின்று பிடித்தார்கள். மேல் பாதி எங்கள் வீட்டு மேலாகப் பறந்து வந்து தெருவில் உட்கார்ந்தது. அந்த நேரம் எங்கள் வீட்டிலும் அக்கா வீட்டிலும் ஒரு ஆள்கூட உள்ளே இல்லை. அடி மரத்தையும் அப்படியே பிடித்துக்கொண்டு தரையிலிருந்து அறுத்தார்கள். பகல் சாப்பாட்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செலவு? முதலில் வந்தவர்கள் கேட்டதைப் போல மூன்று மடங்கு. மரம் விற்ற காசில் கொஞ்சம் சரிக்கட்டினோம். கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை. ஷெட்டிலிருந்து கிளம்பியதிலிருந்தா, வீட்டுக்கு வந்ததிலிருந்தா, குறைந்தது எத்தனை மணிக்குக் காசு என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். டிரைவரின் லைசென்சு, வண்டியின் இன்ஷூரன்சு இரண்டையும் கேட்டுப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். அக்கா வீட்டு ஷீட்டையும் மாற்றிக் கொடுத்தோம்.

இன்னும் சில குறிப்புகள். தெருவோர மரம் நம் வாசலுக்கு நேராக இருந்தாலும் நம்முடையது அல்ல. அதிகாரிகளிடம் மனுக் கொடுக்க வேண்டும். சந்தன மரம் நம் கொல்லையிலேயே இருந்தாலும் வனத்துறையைக் கேட்காமல் தொடக் கூடாது. கிரேன் கொக்கியில் ஆளைத் தொங்கவிட்டு ஏற்றுவதை ஒருநாளும் அனுமதிக்காதீர்கள். 2016-ல் சென்னையில் வர்தா, 2018-ல் டெல்டாவில் கஜா என்று எத்தனையோ புயல் பார்த்துவிட்டோம். புயலில் சாய்ந்து எதன் மேலாவது முட்டிக்கொண்டு நிற்கும் மரம் வில் மாதிரி முறுக்கேறியிருக்கும், வெட்டினால் தெறிக்கும். அதில் பழக்கமில்லாதவர்கள் கை வைக்கவே கூடாது.

எல்லா மரத்துக்கும் கிரேன் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உறுதியாக நிற்கும் மரத்தில் தேர்ந்த ஆள் இடுப்புக் கயிறு கட்டி ஏறலாம். மழைக்கு முன்னால் கிளை கழித்து, வேர்ப் பக்கம் பள்ளம் தோண்டாமல் இருந்தாலே பாதி மரங்களை வெட்ட வேண்டி வராது. ஆனால் வேர் விட்டுப்போன மரத்தில் ஏழைப் பிள்ளை ஒருவன் ஏறுகிறேன் என்றால், "வேண்டாம்ப்பா, இறங்கு" என்று சொல்ல வேண்டியது காசு கொடுக்கிற நாம்தான்.

அக்கா மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தொட்டில் அந்த ஷீட் வீட்டில்தான் ஆடியது. அத்தை கொல்லைக் கோடியில், தொட்டிக்கும் சுவருக்கும் நன்றாகத் தள்ளி, ஒரு வேப்பங்கன்று வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் மரம் இறக்கிய அனுபவம் இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில், வெயிலுக்கு முன் மொட்டை மாடி விரிசலை அடைப்பது பற்றிப் பார்ப்போம்.