கடல் சொல்லும் மழைக்கணக்கு



கோடைக்காலத்தில் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தின் படிகளில் நண்பகலில் கால் வைத்திருக்கிறீர்களா? கல் சுடும். அதே கல் விடியற்காலையில் குளிர்ந்துவிடும். ஆனால் அந்நேரத்தில் குளத்து நீரில் கையை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். கல் வெப்பத்தை விரைவில் இழந்துவிடுகிறது. நீரோ தேக்கி வைக்கிறது. பருவமழையைப் பற்றி மாதங்களுக்கு முன்பே ஓரளவு சொல்ல முடிவது நீரின் இந்தப் பண்பினால்தான்.

காற்றின் இன்றைய நிலையை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு அப்பால் எந்த நாளில் மழை பெய்யும் என்று கணிக்க இயலாது. கடலின் போக்கு வேறு. வளிமண்டலம் முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், கடலின் மேல் 3 மீட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்கவே செலவாகிவிடும்! எனவே கடலில் சேர்ந்த வெப்பம் எளிதில் மறையாது.

பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடானால் அதை 'எல் நினோ' என்கிறோம். குளிர்ந்தால் 'லா நினா'. இந்நிலை பல மாதங்கள் நீடித்துக் காற்றோட்டங்களையே மாற்றுகிறது. எல் நினோ ஆண்டுகளில் நமது வடகிழக்குப் பருவமழை மிகுவதும், லா நினா ஆண்டுகளில் குறைவதும் பெரும்பாலும் காணப்படும் போக்கு. 2015-இல் எல் நினோ, தமிழகத்தில் பெருமழை. 2016-இல் லா நினா. வழக்கமான மழையில் பாதிகூடப் பெய்யவில்லை.

ஆனால் 2021-ஐப் பாருங்கள். அதுவும் லா நினா ஆண்டுதான். மழையோ கொட்டித் தீர்த்தது! வங்கக் கடலில் அடுத்தடுத்துத் தோன்றிய தாழ்வு நிலைகள் கணக்கை மாற்றிவிட்டன.

"அப்படியானால் இந்தக் கணிப்பும் ஜோசியமும் ஒன்றுதானே?" என்று சிலர் கேட்கலாம். ஒன்றல்ல என்பதே என் கருத்து. ஜோசியம் தன் தவறுகளை எண்ணுவதில்லை, விஞ்ஞானம் எண்ணுகிறது. 'ஒவ்வோர் ஆண்டும் சராசரி மழையே பெய்யும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட ஒரு கணினி மாதிரி எவ்வளவு மேல் என்று பல ஆண்டுகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அதுவே அதன் திறன். கடலின் வெப்பநிலையைச் சரியாக அளந்து கொடுத்தால் இத்திறன் உயர்கிறது. அதற்காகவே உலகக் கடல்களில் ஏறக்குறைய 4000 'ஆர்கோ' மிதவைகள் 2000 மீட்டர் ஆழம் வரை சென்று அளந்து வருகின்றன.

மேலூர்ப் பக்கத்துக் கடைமடை விவசாயியை எண்ணிப் பாருங்கள். மழை குறைய நூற்றுக்கு அறுபது வாய்ப்பு என்று அவருக்குத் தெரிந்தால், நிலம் முழுவதிலும் நெல் நடாமல், ஒரு பகுதியில் உளுந்து விதைக்கலாம். மழை பொய்த்தாலும் முழு நட்டம் வராது. மிகுந்து பெய்தாலும் பாதி நெல் கையில் இருக்கும். ஆகவே 'மழை வரும், வராது' என்ற ஒற்றைச் சொல்லைக் காட்டிலும், வாய்ப்பின் அளவைச் சொல்லும் கணிப்பே அவருக்கு உதவும். அது தென்னிந்தியா முழுமைக்கும் பொதுவாக நின்றுவிடாமல் மாவட்ட அளவிலும் அவரை எட்ட வேண்டும்.

நீங்களும் ஒன்று செய்யலாம். பள்ளியில் ஒரு மழைமானி வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாள்தோறும் அளந்து எழுதுங்கள். பக்கத்தில் அவ்வாண்டின் கடல் நிலையையும், முன்பே சொல்லப்பட்ட கணிப்பையும் குறியுங்கள். கணிப்பு எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை தவறியது என்று நீங்களே எண்ணிப் பார்த்து முடிவுக்கு வாருங்கள்.