கொல்வதற்கோ நோய் தீர்ப்பது?

மருந்து உயிரைக் காப்பது; கொலைக்களம் உயிரைப் போக்குவது. இவ்விரண்டையும் ஒரு கையே செய்யலாகாது என்பது மருத்துவ அறத்தின் முதற்பாடம். அமெரிக்க நாட்டின் சட்டமோ இவ்விரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிப் பார்த்தது.

தான் ஏன் கொல்லப்படுகிறோம் என்று உணரமாட்டாத பித்தரைச் சாவொறுப்புக்கு உட்படுத்தலாகாது என 1986-இல் அந்நாட்டு உச்ச அறமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பே! ஆயினும் அதனின்று கொடியதொரு வினா கிளைத்தது. மருந்தூட்டி அறிவைத் தெளிவித்தபின் அவனைக் கொல்லலாமா?

கூடாது என்றது இலூசியானா மாநில உச்ச அறமன்றம். கொல்லும் பொருட்டு வலிந்து ஊட்டப்பெறும் மருந்து மருத்துவமன்று, ஒறுப்பின் ஒரு கூறே என 1992-இல் அது தெளிவுறுத்தியது.

ஆர்க்கன்சா மாநிலத்திலோ வேறு முடிவு ஏற்பட்டது. 1979-இல் ஒரு பெண்ணைக் கொன்ற சார்லசு சிங்கிள்டன் சிறையில் கடும் உளநோய்க்கு ஆளானான். மருந்து அவன் உடல்நலனுக்கு ஏற்றதா என்பதே கேள்வி. அதன் பின் வரும் சாவு மருத்துவத்தைச் சார்ந்ததன்று என்று 2003-இல் கூட்டரசு மேல்முறையீட்டு மன்றம் கூறியது. அறுவர் அவ்வாறு முடிவு செய்ய, ஐவர் மறுத்தனர். ஒரேயொரு நடுவரின் கருத்து ஓர் உயிரின் எல்லையாயிற்று. 2004 சனவரி 6-ஆம் நாள் நச்சூசியால் அவன் கொல்லப்பட்டான்.

"கொலையுண்டவளுக்கு அறம் வேண்டாவா? நோயாளியை மருந்தின்றித் துடிக்கவிடுவது மட்டும் இரக்கமோ?" என்று கேட்பாருளர். இரண்டும் புறந்தள்ளத்தக்க கேள்விகளல்ல. குற்றத்திற்கு ஒறுப்பு வேண்டும். நோய்க்கு மருந்தும் வேண்டும். ஆனால் மருந்து ஒறுப்புக்கு ஏவலாளாகலாகாது. மேரிலாந்து மாநிலம், 2013-இல் சாவொறுப்பையே நீக்குவதற்கு முன்னரும், இத்தகையோரின் ஒறுப்பை வாழ்நாட் சிறையாக மாற்ற வழிவகுத்திருந்தது. அந்நிலையில் மருத்துவர் தம் பணியை நெஞ்சறியச் செய்யலாம், குற்றவாளியும் தப்பான்.

அவ்வழி இருக்கவும் அதனைக் கொள்ளாத அரசு, மருத்துவரையே கொலைஞராக்குகிறது. நோய் தீர்ந்தது என்று மருத்துவர் எழுதும் ஓலையே சாவோலையாகுமாயின், எந்த நோயாளி அவரை நம்பிக் கை நீட்டுவான்? சிறைக்குள் அழிந்த அந்நம்பிக்கை, சிறைக்கு வெளியிலும் நெடுநாள் நில்லாது. கொல்லத் துணிந்த அரசு அப்பழியைத் தானே சுமக்கட்டும், மருந்தின்மேல் ஏற்றலாகாது!